கஞ்சி போட்ட பின்னல் சட்டை

இந்த ஊரில் வெயில் எட்டிப் பார்த்ததுமே பெண்கள் பின்னல் ஊசியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். பிரான்சுக்கு வந்த புதிதில் அதை ட்ராமில்தான் முதலில் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடி சுடுகிறது, எதிர் இருக்கைப் பெண் மடியில் நூல் உருண்டையை வைத்துக்கொண்டு மும்முரமாகப் பின்னிக்கொண்டிருந்தாள். அடக் கடவுளே, இந்த வேக்காட்டில் ஸ்வெட்டரா என்று பார்த்த எனக்கே வேர்த்துவிட்டது. காரைக்காலில் பிறந்தவளுக்குப் பின்னல் என்றால் கம்பளி. கம்பளி என்றால் ஊட்டிக்குச் சுற்றுலா போனவர்கள் ஆசையாக வாங்கி வந்து, ஒருநாளும் போடாமல் பீரோவில் பூச்சி உருண்டையோடு போட்டு வைக்கும் சமாச்சாரம். பருத்தி நூலிலும் லினன் நூலிலும் கோடைக்கென்றே மெல்லிய மேல்சட்டை பின்னுவார்கள், அதில் காற்று புகுந்து புறப்படும் என்பதெல்லாம் இங்கே என் தோழி ஒதில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒதில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு பாத்திரம் கழுவுகிறவள். என் வயதுதான். இடைவேளையில் நான் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பேன், அவள் ‘த்ரிக்கோ’வை எடுத்துவிடுவாள். பின்னலுக்கு இங்கே அதுதான் பெயர். போன குளிர்காலத்தில் எனக்கும் ஊசியைக் கொடுத்து உட்கார வைத்தாள். நான் பின்னியதைவிட அவிழ்த்ததுதான் அதிகம்.

அந்தத் தை மாதத்தில் ஊரில் அம்மாவுக்கு இடது விலாவில் அக்கி கண்டது. கொப்புளம் ஆறிவிட்டது, எரிச்சல் மட்டும் போகவில்லை. நரம்பு வலி, போகப்போகத்தான் குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணி உரசினால் நெருப்புக் கங்கை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறதாம். ரவிக்கை போட முடியாது. நைட்டியின் பக்கத் தையல்கூட ஆகாது. இறந்துபோன அப்பாவின் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு உள்ளறையிலேயே கிடந்தாள். யாராவது வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். வாசலில் கீரைக்காரியோடு மல்லுக்கு நிற்காமல் பொழுது விடியாத மனுஷி அவள். வீடியோவில் என்னிடம் முகத்தை மட்டும் காட்டினாள், அதிலும் பாதி நேரம் மின்விசிறிதான் தெரியும்.

எங்கள் வீடு மாங்கனித் திருவிழா ஊர்வலம் வருகிற தெருவில் இருக்கிறது. ஆனியில் சாமி வரும்போது, வேண்டுதல் உள்ளவர்கள் மாடியிலிருந்து மாம்பழத்தை வீசுவார்கள், கீழே கூட்டம் தாவித் தாவிப் பிடிக்கும். எனக்குக் குழந்தை தங்காமல் இருந்த காலத்தில் அம்மா எனக்காக எறிந்தாள். மகள் பிறந்த பிறகும் நன்றிக்கென்று விடாமல் எறிந்தாள். அவள் எறிவதைப் பார்க்க வேண்டுமே! ஆளைக் குறி பார்த்து எறிவாள், தவறவிட்டால் மாடியிலிருந்தே திட்டுவாள். அப்பேர்ப்பட்டவள் பங்குனியிலேயே, “இந்த வருஷம் வசந்தி எறியட்டும்டி, நான் உள்ளயே இருந்துக்குறேன்” என்றாள். வசந்தி என் அண்ணி. அம்மாவை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அன்றைக்கும் வெளியே வரவில்லை என்றால், அம்மா அந்த அறையைவிட்டு இனி எதற்குமே வரமாட்டாள் என்று பயந்தேன்.

மறுநாள் ஒதிலிடம் சொல்லி அழுதேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, “தையல்தானே உரசுகிறது? கழுத்தில் ஆரம்பித்து வட்டமாகவே கீழே இறங்கிவிடுவோம், பக்கத் தையலே வராது” என்றாள். பாதி பருத்தி, பாதி லினன் கலந்த நூலை இருவரும் போய் வாங்கினோம். மாம்பிஞ்சுப் பச்சை.

அம்மாவின் அளவு என்ன என்றாள் ஒதில். ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நம்மில் யார் அளவை வாயால் சொல்லியிருக்கிறோம்? அளவு ஜாக்கெட்டைத் தையற்காரர் முன்னால் போட்டுவிட்டு வருவதுதானே வழக்கம். நான் வந்தபோது ஊறுகாய் பாட்டில் உடையாமல் இருக்க அம்மா தன் ரவிக்கையால்தான் சுற்றிக் கொடுத்திருந்தாள். அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒதில் தூக்கிப் பிடித்து, வயிற்றுக்கு மேலேயே முடிந்துவிடுகிற அந்தத் துணியை வெகு நேரம் பார்த்தாள்.

“உன் அம்மா நடனம் ஆடுகிறவளா?”

“இல்லை. வீட்டில்தான் இருக்கிறாள்.”

“வீட்டிலேயே ஆடுவாளா! நல்ல விஷயம்.”

என்னிடம் இருந்த பிரெஞ்சுக்கு அதற்குமேல் விளக்க முடியவில்லை. சரி, ஆடிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரவிக்கையைவிட நாலு விரல் தளர்வாகப் பின்னச் சொன்னாள் ஒதில். தலையை ஆட்டினேன், ஆனால் கை கேட்கவில்லை. ஒரு விரல் லூசாக இருந்தாலே “என்ன சாக்கு தச்சு வச்சிருக்கீங்க” என்று தையற்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியே வளர்ந்தவள் நான். நீளத்தை மட்டும் இடுப்புக்குக் கீழே இறக்கி, சுற்றளவை ரவிக்கை அளவுக்கே கச்சிதமாகப் பின்னினேன். லினன் நூல் கம்பளி மாதிரி இழுத்த இழுப்புக்கு வராது, மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. முடிந்ததும் அலசி, துவாலையில் ஒற்றி, இன்னொரு துவாலைமேல் தட்டையாக விரித்துக் காயவைக்கக் கற்றுக்கொடுத்தாள். “ஒருபோதும் தொங்கவிடாதே” என்று விரலை ஆட்டி எச்சரித்தாள். ஊருக்குப் போன ஒருவரிடம் சட்டையைக் கொடுத்தனுப்பிவிட்டு, அந்த எச்சரிக்கையை அப்படியே அண்ணியிடம் போனில் ஒப்பித்தேன்.

“என்னடி இது, வலையாட்டம் ஓட்ட ஓட்டையா இருக்கு? இத போட்டுக்கிட்டு வாசல்ல நின்னா, மீன் என்ன வெலன்னு கேப்பானுவோ” என்றாள் அம்மா, சட்டை போய்ச் சேர்ந்த அன்று வீடியோவில்.

“போட்டுத்தான் பாரேம்மா.”

மின்விசிறி வெகு நேரம் சுற்றியது. பிறகு, “நல்லாத்தான் இருக்கு” என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? அண்ணியைத் தனியாகக் கேட்டேன். “விலாவுல புடிக்குதாம் கலா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க” என்றார். திருவிழா நெருங்கிவிட்டிருந்தது. அவிழ்த்துப் பின்னி அனுப்ப நாள் இல்லை. ஒதிலின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

இரண்டொரு நாளில் அண்ணியே வீடியோவில் கூப்பிட்டார்.

“கலா, திட்டாத. ஒருதரம் அலசினா பதமாவுமேன்னு அலசினேன். பருத்திதானேன்னு கஞ்சியும் போட்டுட்டேன்.”

“எப்படி அண்ணி காயப்போட்டீங்க?”

“ரெண்டு கைக்குள்ளயும் மூங்கில விட்டு மாடில மாட்டினேன். இப்ப போயி பாத்தா முட்டிவரைக்கும் தொங்குது. அக்குளு ரெண்டும் விரிஞ்சு இடுப்புக்கு வந்துடுச்சு.”

“தரையில விரிக்கச் சொன்னேனே!”

“தரையில விரிச்சா காக்கா எச்சம் போடாதா? சும்மா உடுமா அது?”

அதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் குரல், “அத இங்க கொண்டா வசந்தி” என்றது. மறுபடியும் மின்விசிறி. கஞ்சியில் காய்ந்த துணி அப்பளம் மாதிரி மொடமொடக்கும் சத்தம்.

“கலா.”

“என்னம்மா, எரியுதா?”

“மேல படவே இல்லடி.”

கஞ்சியின் விறைப்பில் சட்டை உடம்பைத் தொடாமல் விலகி நின்றிருக்கிறது. தொய்ந்த அக்குள் விலாவை எட்டவே இல்லை. “உள்ள காத்து வருதுடி” என்று அம்மா சின்னப் பிள்ளை போலச் சொன்னாள். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

திருவிழா அன்று அண்ணி வீடியோ அனுப்பினார். அம்மா மாடியில் நிற்கிறாள். இடுப்பில் புடவையைச் சுற்றி, முந்தானையையும் இடுப்பிலேயே செருகியிருக்கிறாள். அதன்மேல் முழங்கால்வரை அந்தப் பச்சைச் சட்டை கூடாரம்போல நிற்கிறது. பழத்தை ஓங்குகிறாள். “ஏய் செவப்புச் சட்ட! கைய நல்லா ஏந்துடா!” தெருவே சிரிக்கிறது.

ஒதிலிடம் காட்டினேன். “தொங்கவிட்டீர்களா!” என்று நெஞ்சில் கைவைத்தாள். பிறகு போனை என்னிடமிருந்து வாங்கி மறுபடியும் பார்த்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வானத்தில், அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து அடுத்த பழத்தை ஓங்கிக்கொண்டிருந்தாள்.

“நான் அப்போதே கேட்டேனே, ஆடுகிறவள்தான்” என்றாள் ஒதில்.

வலி போய்விடவில்லை. ஒவ்வொரு முறை அலசும்போதும் புதுக்கஞ்சி போட்டால்தான் அந்தச் சட்டை ஆகும். ஆனாலும் கீரைக்காரிக்கு மறுபடியும் கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது என்று அண்ணி சொன்னார்.

மிச்ச நூலோடு கொஞ்சம் வாங்கிச் சேர்த்து எனக்கும் ஒன்று பின்னினேன், இந்த முறை நாலு விரல் தளர்வாக. ஞாயிற்றுக்கிழமை சோறு வடித்த கஞ்சியில் அதை முக்கி எடுத்தேன். எங்கள் கட்டடத்தில் பால்கனியில் துணி தொங்கக் கூடாதென்று சட்டம். மூங்கிலுக்கு எங்கே போவது? இரண்டு கைக்குள்ளும் துடைப்பக் கம்பை விட்டு, ஜன்னலோரம் இரண்டு நாற்காலிமேல் வைத்தேன். அடியில் ஒதில் கொடுத்த துவாலையை, அவள் சொல்லிக்கொடுத்தபடியே சுருக்கமில்லாமல் தட்டையாக விரித்தேன். கஞ்சி அதன்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா வீடியோவில் வந்தாள். இப்போதெல்லாம் முழு ஆளும் தெரிகிறாள்.

“காஞ்சிடுச்சாடி?”

வெயில் அதற்குள் எதிர்க் கட்டடத்துக்குப் போய்விட்டிருந்தது.

“இன்னும் இல்லம்மா” என்றேன்.