பையனுக்குத் தெரியக் கூடாது

மிளகும் இஞ்சியும் முதலில் மூக்கில் ஏறும். அதற்கு அடியில் வேறொரு வாடை இருக்கும்... சரியாகக் காயாத துணியை மடித்து வைத்தது போல. அம்மா கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"கோழிதான். சாப்பிடு."

மலாய் நாட்டில், துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் வீடு. எனக்கு எட்டு வயது. கோழி எலும்பு எப்படி இருக்கும் என்று தெரியாத வயதில்லை அது. இந்த எலும்பு ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. கேட்டேன். "சின்னக் கோழிடா" என்றார் அப்பா. அத்தையைக் கேட்டாலும் அதே சின்னக் கோழி.

எனக்கு இழுப்பு. கிளினிக்கில் வாயில் வைத்து அடிக்கிற பம்ப் கொடுத்திருந்தார்கள். அடித்தால் நெஞ்சு திறக்கும். வேலை செய்கிற ஒரு பொருள் கையில் இருந்தது... பிரச்சினை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அப்பாவின் நண்பர் மணி அங்கிள், துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர், ஒரு மருந்தோடு வந்தார். அவர் சொன்னதை ரொம்பப் பின்னால் அத்தை எனக்கு நடித்தே காட்டினார்.

"தங்கச்சி, பையனுக்குத் தெரியக் கூடாது லா. தெரிஞ்சா கேக்காது. அப்புறம் இத சாப்பிடுறப்ப அந்தப் பம்ப்ப தொடவே விடாதீங்க. பழகிட்டா சாவுற வரைக்கும் விடாது."

பம்ப் சாமி மேடைக்குப் போனது. படத்துக்குப் பின்னால், என் கைக்கு எட்டாத உயரத்தில்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கொசு வரும் என்று ஜன்னல்களைச் சாத்தியாயிற்று. உள்ளே கொசுவத்தி. அதன்மேல் சாம்பிராணி. நாற்காலியில் அப்பா, கையில் சிகரெட். நான் இன்று ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் காற்று வடிகட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னிஷியன். அப்படி ஓர் அறையை இப்போது காட்டினால் ஆளை உள்ளே விட மாட்டேன், கதவில் பூட்டுப் போட்டுவிடுவேன்.

இழுக்க ஆரம்பித்தது. அம்மா நெஞ்சில் தைலம் தேய்த்தார், முதுகைத் தடவினார். நான் சாமி மேடையைக் கைகாட்டினேன். பேச மூச்சு இல்லை. அம்மாவும் அதைத்தான் பார்த்தார்... பார்த்துக்கொண்டே நின்றார்.

"கொஞ்சம் பொறுத்துக்கய்யா. மருந்து வேல செய்யுது. கொஞ்சம் பொறு."

உதடு நீலமானதும்தான் அப்பா கார் சாவியைத் தேடினார்.

கிளினிக்கில் முகமூடியை மாட்டிப் புகை மருந்து வைத்தார்கள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பக்கத்தில் நின்ற மலாய் உதவியாளருக்கு அப்பா வயது இருக்கும். அம்மாவைப் பார்த்து, பாசாரில் மீன் விலை கேட்பவர் போலக் கேட்டார்.

"காக், பாகி ஆப்பா? கெலுவாங் கே, பியாவாக் கே?"

என்ன கொடுத்தீங்க அக்கா... வௌவாலா, உடும்பா?

"தாக் அடா, தாக் அடா" என்றார் அம்மா. ஒன்றுமே இல்லையாம்.

அவர் சிரித்துவிட்டார். எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்வார்கள், போன வாரம் வந்த மலாய் அம்மாவும் சீன அம்மாவும்கூட இதையேதான் சொன்னார்கள் என்றார்.

எனக்கும் மலாய் தெரியும். முகமூடிக்குள்ளிருந்து அம்மாவைப் பார்த்தேன். அவர் முகமே சொல்லிவிட்டது. வௌவால்.

காரில் அம்மா தேம்பி அழுதார். பிள்ளை பிழைத்ததற்காக என்று நினைத்தேன்.

"இவனுக்குத் தெரிஞ்சு போச்சேங்க... இனிமே எப்படிக் கேக்கும்?"

"அந்த ஆளு கேக்குறப்ப நீ ஏன்டி திருதிருன்னு முழிச்ச?" என்றார் அப்பா.

அவ்வளவுதான். குற்றவாளி யாரென்று முடிவாகிவிட்டது. முழித்த அம்மாகூட இல்லை, தெரிந்துகொண்ட நான். அதற்குப் பிறகு எப்போது இழுத்தாலும் வீட்டுக்கு வருகிற உறவுகள் உச்சுக் கொட்டுவார்கள். "பாவம், பாதியிலயே தெரிஞ்சு போச்சு. இல்லன்னா இந்நேரம் சுத்தமா போயிருக்கும்." மெஷினுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அதனால்தான் ரிப்பேர் ஆகவில்லை என்று என் மேனேஜரிடம் ஒரு நாள் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஜன்னலை யாரும் திறக்கவில்லை. அப்பா சிகரெட்டை விட்டார்... அவருக்கு நெஞ்சுவலி வந்த பிறகு.

அம்மா சுத்த சைவம். முட்டையைக்கூடத் தொட மாட்டார். அந்த வௌவாலைத் தோலுரித்துக் கழுவிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரம் குனிந்து வாந்தி எடுப்பாராம். பிறகு வந்து மசாலா அரைப்பாராம். இதையும் அத்தைதான் சொன்னார். இதைக் கேட்ட பிறகு முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அதுவும் ஒரு கடுப்பு.

இப்போது என் மகனுக்கு மூன்று வயது. அவனுக்கும் இழுப்பு. தினமும் காலையில் மடியில் உட்கார வைத்துப் பம்ப் அடிக்கிறோம். அது என்ன, எதற்கு என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். பொம்மைக்கும் அடிக்கச் சொல்வான்.

போன வாரம் அம்மா வந்திருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த வயசுலயே பழக்குறியேப்பா... ஒரு மாசம் எங்கிட்ட விடு. சரி பண்ணி அனுப்புறேன். நான் சும்மாதானே இருக்கேன், எதுக்கு வெளியாளுகிட்ட விடுறீங்க?"

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"டேகேருக்குப் போறத நிறுத்திட்டா இடம் போயிடும்மா" என்றேன். பச்சைப் பொய். அந்த டேகேரில் எப்போதும் இடம் இருக்கிறது.

"அப்படியா... சரிப்பா" என்று நம்பிவிட்டார். பேரனின் வாயைத் துடைத்துவிட்டு, கன்னத்தைத் தடவி, பையைத் தூக்கிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து என்னிடம் ஒன்றை மறைத்தார்கள், என் நல்லதுக்காக. இன்று நாங்கள் சேர்ந்து அம்மாவிடம் மறைக்கிறோம். யார் நல்லதுக்கு?

நாங்கள் இருக்கும் ஷா ஆலமிலிருந்து பண்டமாரான் பக்கம்தான். என் மகன் பாட்டி வீட்டில் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. அவனுக்கென்று அம்மா புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறார். பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.