பக்கத்துக் குடிசைக்குச் சொல்லாதது

மத்தேயு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம் வந்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். ஏரோது ராஜா பிள்ளையைக் கொல்லத் தேடுவான் என்று தூதன் கனவில் சொன்னதும், யோசேப்பு தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போய்விடுகிறார். பெத்லகேமில் ராஜாவின் ஆட்கள் கையில் மற்றவர்களின் பிள்ளைகள் சாகிறார்கள். போகிற போக்கில் பக்கத்து வீட்டுக் கதவையாவது தட்டினாரா? வேதத்தில் அது இல்லை.

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் கால்வாயோரக் குடிசையில் இருந்தோம். அப்பா கொத்தனார். குடிசைகளை இடிக்கப் போகிறார்கள், யாரிடமும் மூச்சு விடாதே என்று அவருடைய வேலையிடத்து ஓவர்சியர் அவரிடம் மட்டும் சொன்னார். மறுநாளே அப்பா ஊரின் மறுபக்கம் தேவராவில் வீடு பார்த்துவிட்டார்.

பக்கத்துக் குடிசைச் சேச்சியின் தூக்குவாளி எங்களிடம் இருந்தது. இரவல் பாத்திரத்தை அம்மா வெறுமையாகத் திருப்பித் தரமாட்டாள், ஒரு பிடி அரிசியாவது போடுவாள். கிளம்புகிற அன்று வாளி நிறையச் சர்க்கரை போட்டாள்.

"எந்தா விசேஷம்?" என்று சிரித்தார் சேச்சி, இடுப்பில் கைக்குழந்தையோடு.

"சும்மாதான்" என்றாள் அம்மா.

நாங்கள் போன நாலாம் நாள், கொட்டுகிற மழையில் இடித்தார்கள்.

சொல்லியிருந்தால் அப்பாவுக்கு வேலை போயிருக்கும். சேச்சிக்குப் போக்கிடம் இருந்ததா என்பதும் தெரியாது. யோசேப்பைத் திட்ட ஆரம்பித்தால் அப்பா வந்து நிற்கிறார். தப்பித்த பிள்ளை நான். யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. அம்மா மட்டும் ஒருமுறை, சாயாவுக்குச் சர்க்கரை போடும்போது கேட்டாள்:

"அந்த மழையில எல்லாம் கரைஞ்சு போயிருக்கும், இல்ல?"