கதவைப் பூட்டு, வாறன்

எதையும் மூன்று தரம் சொல்வது யோகராஜாவின் வழக்கம். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் "ஓம், ஓம், ஓம்" என்பார். ஊரை விட்டு வெளிநாடு வந்து மோர்டனில் குடியேறிய நாள் முதல் நகுலேஸ்வரி இதைக் கவனித்து வருகிறாள்.

அவருக்குத் தபால் பிரிக்கும் வேலை. மிச்ச நேரத்தில் செத்தவர்களுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் பாட்டு, எழுதுவார். முப்பத்தோராம் நாள் சடங்கில், சனம் கூடிய மண்டபத்தில் தானே எழுந்து நின்று வாசித்தும் விடுவார். ஊரோடெல்லாம் சண்டை பிடித்தவரும், ஒருவருக்கும் முகம் கொடுக்காதவரும் அவருடைய பாட்டில் "சிரித்த முகமே, சிரித்த முகமே, சிரித்த முகமே" ஆகிவிடுவார்கள்.

நகுலேஸ்வரியின் கணவர் பாலேந்திரா இறந்தபோது அந்த முகம் அவள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. பாலேந்திரா கல்யாணப் படத்திலேயே சிரிக்காத மனிதர்.

"அண்ணை, இவர் சிரிக்கிறேல்லையே."

"மூண்டு தரம் சொன்னாச் சனம் நம்பும் தங்கச்சி."

"நம்ப வேண்டாம். அவரை நினைச்சாப் போதும்."

நகுலேஸ்வரி அதிகம் கதைக்கிறவள் அல்ல. அன்று கதைத்தாள். "வேலைக்கு வெளிக்கிடேக்க 'கதவைப் பூட்டு, வாறன்' எண்டுவார். இருபத்தெட்டு வருசமா அதுதான். அதைப் போடுங்கோ."

"இதென்ன கவிதையோ? கவுன்சில் நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு!"

"ஏலாதெண்டாச் சொல்லுங்கோ, வேற ஆளைப் பாக்கிறன்."

வேறு ஆள் என்றதும் யோகராஜா பேனையை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

மண்டபத்தில் முதல் பாட்டு. பாலேந்திரா விடிய ஷிப்டுக்குப் போகிறார்: "கதவைப் பூட்டு, வாறன்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இரண்டாம் பாட்டு. அம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள், அப்போதும் "கதவைப் பூட்டு, வாறன்." சிரிப்புச் சத்தம் இல்லை. மூன்றாம் பாட்டு. பெட்டி வாசலைத் தாண்டுகிறது. "கதவைப் பூட்டு" என்பதோடு வரி நின்றது. "வாறன்" வேண்டாம் என்று நகுலேஸ்வரி சொல்லியிருந்தாள். பாலேந்திராவோடு பத்து வருடம் கோபமாயிருந்த தம்பிக்காரன் கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதான். யோகராஜாவும் மூக்கைச் சிந்தினார்.

பிறகு வாசலில் வைத்து, "நல்ல வரி தங்கச்சி, நல்ல வரி, நல்ல வரி" என்றார். அப்போதே அவளுக்குப் பயம் பிடித்தது.

பயந்தது சரி. இப்போது யோகராஜாவின் கல்வெட்டில் சிரித்த முகம் வருவதில்லை. மோர்டனில் யார் இறந்தாலும், முதியோர் இல்லத்தில் சொந்தமாக ஒரு கதவு கூட இல்லாமல் இருந்தவர்களும், கதவைப் பூட்டச் சொல்லிவிட்டே போகிறார்கள். மூன்று தரமும் "வாறன்" என்று வேறு சொல்கிறார்கள். நகுலேஸ்வரி இப்போதெல்லாம் முப்பத்தோராம் நாளுக்குப் போவதில்லை.