அபூசாலி ஓடாவியும் இரண்டு கோயில் கூரைகளும்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு கூரைத் தச்சரான சாய்ந்தமருது அபூசாலி ஓடாவிக்குக் கை ஓயவில்லை. கல்முனைப் பக்கம் கூரை போகாத வீடில்லை. தன் வீட்டுக்கு ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, ஊரார் கூரைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தபால்காரச் செல்லத்தம்பி சைக்கிளில் வந்திறங்கினார். அண்ணன் என்ற முறையில் அபூசாலியைக் 'காக்கா' என்றுதான் அழைப்பார்.

"காக்கா, எங்கட மெதடிஸ்த கோயில் கூரைய முதல்ல போட்டுத் தாங்க. மகள் எஸ்தருக்குக் கலியாணம்."

மாப்பிள்ளை கத்தோலிக்கக் கடற்றொழிலாளி. எந்தக் கோயிலில் கல்யாணம் என்று இழுபறிப்பட்ட இரு வீட்டாரும், எந்தக் கூரை முதலில் ஏறுகிறதோ அங்கே என்று முடித்திருந்தார்கள். மறுநாளே மாப்பிள்ளையின் தகப்பன் தங்கள் கோயிலை முதலில் முடிக்கச் சொல்லி ஒரு பெரிய பாரை மீனோடு வந்து நின்றார்.

அடுத்த முறை தபாலோடு வந்த செல்லத்தம்பியிடமே அபூசாலி கேட்டார்: "ஒரே ஈஸாவை, உங்கட இயேசுவைத்தானே கும்பிடுறீங்க. ஏன் ரெண்டு?"

"போர்த்துக்கீசப் பறங்கி வந்த காலத்தில கரையோரச் சனம் பாப்பரசர்ர வேதத்துக்குப் போச்சுது. ஒல்லாந்தன் வந்து அந்தச் சாமிமாரைத் துரத்தினான். கோவாவில இருந்து ஒளிச்சு வந்த சாமிமார்தான் அந்த வேதத்தைக் காப்பாத்தினது. பிறகு வந்தது இங்கிலீசு வெள்ளைக்காரன்ர மெதடிஸ்த மிசன் பள்ளிக்கூடம். எங்கட பூட்டன் அங்க படிச்சுத்தான் இந்த வேதத்துக்கு வந்தவர்."

"ஒல்லாந்தன்ர வேதம்?"

"உத்தியோகத்துக்குச் சேர்ந்த சனம். அவன் போக, அதுவும் போச்சுது."

"அப்ப, மாப்பிள்ளைட பூட்டன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தா, இண்டைக்கு இந்தச் சண்டை இரிக்காதே."

செல்லத்தம்பியின் முகம் கறுத்தது. "நான் முழங்கால்ல நிண்டு செபிக்கிறது வெள்ளைக்காரனுக்கு இல்ல, காக்கா."

அபூசாலிக்குச் சுருக்கென்றது. தன் மூதாதைக்கு யார் முதலில் இஸ்லாத்தின் கலிமா சொல்லிக் கொடுத்தார் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆனாலும் ஐந்து நேரமும் தொழுகிறார்தானே.

மெதடிஸ்த கோயிலின் சுவர் வெடித்திருந்தது. அதைக் கட்டி முடிக்காமல் கூரை மரம் ஏற்ற முடியாது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, கத்தோலிக்கக் கோயிலையே முதலில் முடித்தார். செல்லத்தம்பி அவரோடு கதைப்பதை விட்டார். சாய்ந்தமருதுத் தபால்களை வேறொருவர் கொண்டுவந்தார்.

கல்யாணத்தன்று வாசலில் தயங்கி நின்ற அபூசாலியை யாரும் கவனிக்கவில்லை. செல்லத்தம்பி முன்வரிசையில் விறைத்துப்போய் இருந்தார். எஸ்தர் திரும்பித் திரும்பித் தகப்பனையே பார்த்தாள்.

மாரி முடிந்து, வெடித்த சுவரையும் கட்டிய பிறகுதான் மெதடிஸ்த கோயிலில் வேலை தொடங்கியது. முதல் நாளே மருமகன் கடலுக்குப் போகாமல் வந்து ஓடு எடுத்துக் கொடுத்தான். செல்லத்தம்பி மூன்று கோப்பையில் தேநீர் கொண்டுவந்தார்.

"காக்கா, இறங்கி வந்து குடியுங்க. ஆறப் போகுது."