ததேயுஸ் வெட்டிய குறுக்குச் சட்டம்

கருங்கல் சந்தையிலிருந்து இரண்டு மைல் தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் பல் டாக்டர் ஸ்மைலினின் வீடு இருக்கிறது. வீட்டின் பின்பக்கத்துக் கொட்டகையில் முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு பிளிமத் கார் நின்றது. 1948ஆம் வருஷத்து அமெரிக்க வண்டி. டாக்டரின் அப்பா செல்வதாஸ் வைத்திருந்தது. செல்வதாஸ் இறந்து இரண்டு வருஷம் கழித்து, அதைக் கம்பெனியிலிருந்து இறங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட வேண்டும் என்று மகன் முடிவு செய்தார். அதற்காகத் தேடிப் பிடித்த ஆள்தான் ததேயுஸ்.

ததேயுஸுக்கு அப்போது அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருஷம் ஷார்ஜாவில் அமெரிக்க வண்டிகள் பழுது பார்க்கும் ஒரு வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வலது முழங்கால் மடங்காது. இடுப்பு காலையில் எழுந்து அரைமணி நேரம் கழித்துத்தான் நிமிரும். இனி எந்த வண்டிக்கு அடியிலும் படுப்பதில்லை என்று மனைவி ஜெசிந்தாவிடம் சொல்லி ஆறு மாதம்கூட ஆகவில்லை. டாக்டர் மூன்று தடவை வீட்டுக்கே வந்து கேட்டதும் மறுக்க முடியாமல் போனது.

முதல் நாள் சாக்கை விரித்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மெல்ல மெல்ல உடம்பை நகர்த்தி வண்டிக்கு அடியில் போனார். இன்ஜினைத் தாங்கும் இரும்புக் குறுக்குச் சட்டம் நடுவில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடத்தில் ஏதோ ஒரு லாரியின் துண்டு இரும்பை வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் பழைய வேன் ஒன்றின் டீசல் இன்ஜினை ஏற்றியிருந்தார்கள். வெட்டு வலமிருந்து இடமாகச் சரிந்து போயிருந்தது. கடைசியில் ஒரு குழி. வெட்டும்போது கேஸ் தீர்ந்து, சிலிண்டர் மாற்றி, மறுபடி நெருப்பைப் பிடித்த இடம் அது.

ததேயுஸ் இடக்கைக்காரர். தக்கலையில் தாணுலிங்கம் மேஸ்திரியின் வொர்க்‌ஷாப்பில் வேலை செய்த காலம் நினைவுக்கு வந்தது. 1987. அவருக்கு இருபத்துநாலு வயது. அந்தக் குழிகூட ஞாபகம் இருந்தது.

மேலே நின்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்: "எந்தக் கூறுகெட்டவன் இப்பிடி வெட்டினான்னு தெரியல்ல அண்ணே. அவன் கைய முறிக்கணும். அப்பா வெளியூருல இருந்த நேரம் பாத்து வெட்டியிருப்பானா இருக்கும்."

"ம்" என்றார் ததேயுஸ். வாயில் டார்ச் இருந்தது.

வெளியே வந்த பிறகும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார்.

டாக்டருக்குச் சமாதானம் தந்த ஒரே விஷயம், வண்டியின் சொந்த இன்ஜின் வீட்டிலேயே இருந்ததுதான். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ரப்பர் ஷீட்டைப் புகை போடும் அறையின் மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. அதிலிருந்த எண் வண்டியின் தகட்டிலுள்ள எண்ணோடு பொருந்தியது. ஆனால் பிஸ்டன்கள் துருவில் இறுகிவிட்டன. ததேயுஸ் ஒவ்வொரு சிலிண்டரிலும் மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். தினமும் காலையில் போய், மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டிப் பார்ப்பார். இருபத்தோராவது நாள் ஒரு பிஸ்டன் நூலளவு இறங்கியது. டாக்டர் துள்ளினார். ததேயுஸ் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். இன்னும் ஐந்து இருந்தன.

டாக்டர் லேசான ஆள் இல்லை. காலையில் நோயாளிகள் வருமுன் அமெரிக்காவிலுள்ள பிளிமத் பிரியர்களோடு கம்ப்யூட்டரில் பேசுவார். சாயங்காலம் வண்டியின் பழைய கம்பெனிக் கையேட்டின் அச்சுப் பிரதியோடு கொட்டகைக்கு வருவார்.

"அண்ணே, இந்தத் திருகாணி தலையில நாலு கோடு இருக்கு. அந்தக் காலத்துல இந்த எடத்துல ஒத்தக் கோடு உள்ளதுதான் போட்டது."

"செரி டாக்டரே. மாத்துதேன்."

பன்னிரண்டு வோல்ட் பாட்டரி போட்டால் வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆகும், விளக்கும் நன்றாக எரியும். டாக்டர் சம்மதிக்கவில்லை. ஆறு வோல்ட்தான் வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட வயர் கூடாது, நூல் பின்னிய வயர் வேண்டும். அதைத் தேடி ஒரு மாதம் போனது. எந்த நிறம் அடிப்பது என்பதில் மட்டும் ததேயுஸ் முந்திக்கொண்டார். மீட்டர் பலகையைக் கழற்றியபோது அதன் பின்பக்கத் தகட்டில் வெயிலும் மழையும் படாத கரும்பச்சை இருந்தது. அதை ஒரு நகத்தளவு சுரண்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போய், பெயின்ட் கடைக்காரனை ஏழு தடவை கலக்க வைத்து, பொருந்திய பிறகுதான் திரும்பினார்.

குறுக்குச் சட்டத்துக்கு மட்டும் நாற்பது நாள் பிடித்தது. வேறு யாராவது என்றால் கடையில் கிடைக்கிற சானல் இரும்பை வைத்து இரண்டு நாளில் முடித்திருப்பார்கள். ததேயுஸ் கையேட்டின் படத்தை அட்டையில் வரைந்து வெட்டி, இரணியலில் ஒரு பட்டறையில் அதே கனத் தகட்டை மூன்று தடவை வளைக்க வைத்தார். முதல் இரண்டையும் தானே வேண்டாம் என்று தள்ளினார். மல்லாந்து படுத்துப் பற்றவைக்கும்போது தீப்பொறி கழுத்தில் விழும். முழங்கால் வீங்கி, சாயங்காலம் ஆட்டோவில்தான் வீட்டுக்கு வருவார்.

ஜெசிந்தா தைலம் தேய்த்துக்கொண்டே ஒருநாள் கேட்டாள். "ஆரோ வெட்டிப் போட்டதுக்கு நீங்க ஏன் கெடந்து சாவுதிய?"

"நான்தான் வெட்டினேன்."

அவள் கை நின்றது. "எந்தாக்கும் சொல்லுதிய?"

அவர் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் தைலப் புட்டியை மூடினாள். "அப்பம் டாக்டரிட்ட சொல்லுங்க."

"சொல்லணும்."

ஆனால் சொல்லவில்லை. வேலை முடியட்டும் என்று தனக்குத்தானே தவணை போட்டுக்கொண்டார்.

எட்டாவது மாதம் வண்டி உறுமியது. அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் பழைய கார்களின் கண்காட்சி. கம்பெனியில் இருந்தபடியே வைத்திருக்கும் வண்டிகளுக்கென்று தனிப்பரிசு இருந்தது. டாக்டர் அதற்குத்தான் பெயர் கொடுத்தார். ததேயுஸையும் கூட்டிக்கொண்டு போனார்.

பரிசுக்காக வண்டிகளைப் பார்வையிட்ட நடுவர்களில் கொச்சியிலிருந்து வந்த ஓமனா என்ற பெண்மணியும் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். சேலைமேல் நீளக் கோட்டு மாட்டியிருந்தார். பளபளப்பைப் பார்க்காமல் நேராகத் தரையில் ஒரு துண்டை விரித்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டார். 

"இவிடே ஒரு ஒட்டு உண்டு" என்றார் அந்தம்மா வெளியே வந்து. "நல்ல பணி. ஆனா இது முறிச்சதல்லே? ஆரு முறிச்சது?"

டாக்டர் முந்திக்கொண்டார். "பண்டு எவனோ ஒரு மடையன் செய்த வேலை மேடம். அப்பாவுக்குத் தெரியாம..."

"இல்ல" என்றார் ததேயுஸ்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெட்டினது நானாக்கும் மேடம். எம்பத்தேழுல. அவருக்க அப்பாவுக்குத் தெரியாம இல்ல. இப்பம் சேத்து வச்சதும் நான்தான்."

 ஓமனா அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டார். சட்டம் வெட்டப்பட்ட வண்டியை அந்தப் பரிசுக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்று டாக்டரிடம் தன்மையாகச் சொன்னார். "நடந்ததெல்லாம் எழுதி வண்டியோட வைக்கணும். என்ன மாற்றினது, எப்போ, ஆரு. அதும் இந்த வண்டியோடதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

 திரும்பும் வழியில் பாறசாலை தாண்டும்போது வெயிலில் பெட்ரோல் குழாய் சூடேறி, ஆவி அடைத்து வண்டி நின்றுவிட்டது. ததேயுஸ் இறங்கி, துண்டை நனைத்துக் குழாய்மேல் சுற்றினார். ஆறுகிறவரை வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் சாலையோரத்துப் பாலச்சுவரில் உட்கார்ந்தார்கள்.

"ஒம்பது மாசம் எங்கூட நின்னியளே. ஒரு வார்த்தை சொல்லத் தோணல்லியா?"

"எல்லா நாளும் தோணிச்சு டாக்டரே. மொத நாளு விட்டுப்போச்சு. ரெண்டாம் நாளு அதவிடக் கஷ்டமாப் போச்சு. பொறவு வாய் வரல்ல."

"அப்பாவுக்கு இந்த வண்டின்னா உயிரு. அவரு எப்பிடிச் சம்மதிச்சாரு?"

"சம்மதிக்கதுக்கு என்ன? வெட்டச் சொன்னதே அவருதான்." ததேயுஸ் முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டார். "உங்க அம்மைக்கு அப்பம் கேன்சருக்குத் திருவனந்தபுரத்துல ரேடியேஷன். ஆறு வாரம், தெனமும் போகணும். பஸ்ஸுல இருக்க அவங்களுக்கு ஏலாது. இந்த இன்ஜின் குடிக்குற பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாது. நாலு நாளுல டீசல் இன்ஜினப் போட்டுத் தாங்கன்னு வந்தாரு. வெட்டினா பொறவு பழையபடி ஆகாது சாரேன்னு நான் சொன்னேன். 'வெட்டுலே'ன்னாரு. அவ்வளவுதான். நான் வெட்டும்ப அவரு உள்ள நிக்கல்ல. ரோட்டுல போய் நின்னுட்டாரு."

 அம்மா இறந்தபோது டாக்டருக்கு ஆறு வயது முடியவில்லை.

"பின்சீட்டுல அம்மைக்க மடியில தலை வச்சுக் கெடந்து போனது ஞாபகமுண்டு" என்றார். "எங்க போறோம்னு தெரியாது. ஒரே டீசல் நாத்தம். இண்ணைக்கும் அந்த மணம் வந்தா எனக்கு ஓக்காளம் வரும்." பிறகு, "அந்த இன்ஜின் எங்க அண்ணே?" என்று கேட்டார்.

"பழைய இரும்பா ஆக்கர் கடைக்குப் போயாச்சே. சித்திரை மாசம். நீங்கதான் எடுத்துக் களையச் சொன்னிய."

டாக்டர் தலையை ஆட்டினார். துண்டு காய்ந்துவிட்டது. ததேயுஸ் இன்னொரு தடவை நனைத்துப் போட்டுவிட்டு, போய் ஸ்டார்ட் செய்தார். இரண்டாவது முறை பிடித்தது. 

மூன்று வாரம் டாக்டரிடமிருந்து போன் வரவில்லை. கோபமாகத்தான் இருக்கும் என்று ததேயுஸ் நினைத்தார். அது நியாயம் என்றும் நினைத்தார். வருத்தத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. பகலெல்லாம் படுத்துத் தூங்கினார். நாலாவது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா கொடுத்த காப்பி ஆறிப்போயிருந்தது. கையில் ஒரு ஃபைல்.

"எழுதித் தாங்கண்ணே" என்றார். "அந்த மேடம் சொன்ன மாதிரி."

ததேயுஸ் எழுதினார். எந்த மாதம், யாருடைய வொர்க்‌ஷாப், எந்த இடத்தில் எத்தனை அங்குலம் வெட்டினது, எந்தக் கனத் தகட்டால் திரும்பச் சேர்த்தது எல்லாம் ஒரு பக்கத்தில் வந்தது. டாக்டர் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்கு வெட்டினதுன்னு எழுதல்லியே."

ததேயுஸ் கீழே ஒரு வரி சேர்த்தார்: வீட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காக.

இப்போது மாதத்தில் ஒருநாள் டாக்டர் வண்டியை எடுத்துப் பத்மநாபபுரம் வரை ஓட்டிவிட்டு வருகிறார். முந்தின நாள் ததேயுஸ் போய் ஆயில் பார்த்து, பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றி, பிரேக்கை மிதித்துப் பார்த்துக் கொடுப்பார். அடியில் படுப்பதில்லை. கண்காட்சியில் ஒட்டு வேலையைப் பார்த்தவர்கள் நம்பர் வாங்கிக்கொண்டு கூப்பிடுகிறார்கள். திருச்சூரிலிருந்து ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து ஒருவர். இரண்டு பேரிடமும் முடியாது என்று சொல்லிவிட்டார். போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் தன்னிடம் ஒரு பழைய டாட்ஜ் இருப்பதாகச் சொன்னார். ததேயுஸ் போனைக் காதில் வைத்தபடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். ஜெசிந்தா அடுக்களை வாசலில் நின்று வேண்டாம் என்று கை காட்டினாள்.

"வந்து பாக்குதேன்" என்றார். "கீழ படுக்க எனக்கு ஏலாது. வண்டிக்கு அடியில நின்னு பாக்க உங்க ஷெட்டுல குழி உண்டா?"