ஹெல்மெட் உட்கார்ந்து வந்த இருக்கை

மூன்று வருடம் என் லாரியின் முன் இருக்கையில் ஒரு வெள்ளை ஹெல்மெட் உட்கார்ந்து வந்தது. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் தொழிலாளர் விடுதியில் காலையில் கட்டுமான ஊழியர்களை ஏற்றுவேன். அவர்கள் பின்னால், சாமான் ஏற்றும் தரையில் உட்கார்ந்து வருவார்கள். மேற்பார்வையாளர் லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு ஏறுவார். அதுவரை அவர் இடத்தில், முந்தின நாள் விட்டுப்போன அவருடைய ஹெல்மெட். பிள்ளைகளே, உணவங்காடியில் இடம் பிடிக்க மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போவோமே, அப்படித்தான். யாரும் தொட மாட்டார்கள். நானும் தொட்டதில்லை. மழை நாளில் கூரை இருந்தும் சாரல் பக்கவாட்டில் அடிக்கும், அவர்கள் முதுகைத் திருப்பிக்கொள்வது கண்ணாடியில் தெரியும். மனசு கேட்காது, ஆனால் வாய் திறக்காது.

ஒருநாள் கம்பெனியின் வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி விடுதிக்கு வந்திருந்தார். என்னைவிடச் சின்ன வயது, நாங்கள் மேடம் என்போம். எதைப் பார்த்தாலும் கேள்விதான். அன்று முழங்காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவரை இரண்டு பேர் அலாக்காகத் தூக்கிப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேடம் முன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, இந்த ஹெல்மெட்டுக்கும் முட்டி வலியா?”

“சார் சீட்டு மேடம். யாரும் உக்காரக் கூடாது லா.”

“சார் சொன்னாரா, நீங்களா நினைச்சுக்கிட்டீங்களா? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.”

யோசித்துப் பார்த்தேன். மூன்று வருடத்தில் அவர் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான்! ஹெல்மெட்டை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு, அடிபட்டவரை முன்னால் உட்காரவைத்தேன். இருக்கை நுனியிலேயே உட்கார்ந்து, “சார் வந்தா இறங்கிக்கிறேண்ணே” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

லிட்டில் இந்தியாவில் மேற்பார்வையாளர் கதவைத் திறந்தார். “என்ன இது புதுசா?”

என் வேலை அவர் கையில் இருந்தது. இருந்தாலும், “முட்டியில அடி சார். பின்னாடி குலுங்குனா தாங்காது. இவரு இங்கயே வரட்டுமே, சார்?” என்றேன்.

அவர் பின்னால் போய் அந்தத் தரையை ஒருமுறை பார்த்தார். ஏறவில்லை. “நான் எம்ஆர்டி ரயில்ல வந்துக்கிறேன்” என்று கதவை அறைந்துவிட்டுப் போனார். அங்கே என்ன பார்த்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த வாரம் என்னை வேறு லாரிக்கு மாற்றினார்கள். ஏன் என்று கேட்டேன். எனக்கும் கேட்க வாய் வந்துவிட்டது.

மேடம் இப்போது வேறு கம்பெனியில். அவர் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. திங்கட்கிழமைதோறும் ஆபீசில், “இவங்களுக்கு லாரிக்குப் பதிலா பஸ் எப்ப சார் வரும்?” என்று கேட்கிறேன். “ஆரம்பிச்சிட்டாருய்யா!” என்று சிரிக்கிறார்கள். பஸ் இன்னும் வரவில்லை. வரும்வரை என் லாரியில் முன் இருக்கை வலிப்பவருக்கு. யாருக்கும் வலி இல்லாத நாளில் முறைவைத்து.

இன்று காலை ஒருவர் காய்ச்சலோடு வந்தார். கதவைத் திறந்தவர் தயங்கி நின்றார். இருக்கையில் ஒரு ஹெல்மெட். என்னுடையதுதான், மறந்து வைத்துவிட்டேன்.

“யாரோ இடம் புடிச்சிருக்காங்கண்ணே.”

“பின்னாடி தூக்கிப் போடுங்க தம்பி,” என்றேன். “அதுக்கு வலிக்காது.”