எழுதாமல் விட்ட ஒரு பேர்

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஓர் ஆவணி மாதம். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில், ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிக்கு குடோனும் அதை ஒட்டி ஓர் அறையும் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். நான் சின்ன காண்ட்ராக்டர். ஒரு பைக், ஒரு டேப், எட்டு நிரந்தர ஆட்கள், எதற்கெடுத்தாலும் பொசுக்கென்று வருகிற கோபம். இவ்வளவுதான் என் தொழில் முதலீடு.

அந்த முதலாளி நெருப்போடு பிழைக்கிற மனிதர். இன்சூரன்ஸ் இல்லாத இடத்தில் அவருக்கு உட்காரவே மனசு வராது. "வேலை பாக்குத ஆளுகளுக்கு இன்சூரன்ஸ் போட்டாத்தான் கட்டடம்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார். வேறு வழியில்லை. எங்கள் தெருவில் இருக்கிற இன்சூரன்ஸ் ஏஜெண்டைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்தான். டீக்கடையில் வைத்தே விண்ணப்பப் பாரத்தை எடுத்து நீட்டினான்.

"எத்தன ஆளு மாப்ள?"

"எட்டு."

"கான்கிரீட் போட ஒரு கூட்டம் வருமே, அவங்க?"

"ஒரு நாளு வந்துட்டுப் போறவங்களுக்கு எதுக்குலே? எட்டுன்னு போடு."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "ஒனக்கு? இது தொழிலாளிகளுக்கான பாலிசி. நீ முதலாளி, இதுல நீ வரமாட்ட. ஒனக்குத் தனியா ஒரு விபத்து பாலிசி போட்டுக்கோ" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் என்ன சட்டியா சொமக்கப் போறேன்? கீழ நின்னு கத்தப் போறேன். தொண்டைக்கு ஏதாவது பாலிசி இருந்தா சொல்லு, போட்டுக்கிடுதேன்" என்றேன். டீக்கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். பெரிய மேதாவி மாதிரி நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அறைக்கு மேல்தளம் போடுகிற நாள் நெருங்கியது. எங்கள் பக்கம் கான்கிரீட் போடுவதற்கென்றே தனிக் கூட்டம் உண்டு. மிக்சர் மிஷினோடு காலையில் வேனில் வந்து இறங்குவார்கள். சாயங்காலம் மொத்த வேலையும் முடித்துவிட்டுக் கிளம்புவார்கள். அவர்களில் யார் பேரும் நமக்குத் தெரியாது. கூட்டத்தின் தலையாள் ஒருவரோடு மட்டும்தான் பேச்சு. அன்றைக்கு எனக்கு வாய்த்த தலையாள், கயத்தாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற ஓர் அக்கா. ஐம்பது வயசு இருக்கும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றால் பெரிய பெரிய மேஸ்திரியே குரலைக் குறைப்பான்.

முந்தின நாள் காலையில் உயரம் பார்க்க வந்தார். ஏணி எங்கே வைப்பது, தண்ணீர் எங்கே பிடிப்பது எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாகக் கேட்டார்: "அண்ணாச்சி, இன்சூரன்ஸ் இருக்கா?"

"அதெல்லாம் பக்காவா இருக்குக்கா" என்றேன் பெருமையாக.

"அதுல நாங்க இருக்கமா?"

நான் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. "போன வருசம் எங்க மதினி ஒரு சைட்டுல விழுந்துட்டா. இடுப்புல அடி. காலையில இருந்து அந்த காண்ட்ராக்டர் கண்ணு முன்னால சட்டி சொமந்தவ. விழுந்த பெறகு, இவ எங்க ஆளே இல்ல, எங்க நோட்டுல இவ பேரே இல்லன்னுட்டாரு. இன்னைக்கும் அவ சொவரப் பிடிச்சிட்டுத்தான் நடக்கா. பேரு இல்லாம எங்க ஆளு யாரும் ஏணியில கால் வைக்க மாட்டாங்க அண்ணாச்சி. வேற கூட்டத்தப் பாக்கதுன்னாலும் பாத்துக்கிடுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுநாள் கான்கிரீட், முதலாளி நல்ல நேரம் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்கு ஆள் சொல்லி, எல்லாம் தயார். இந்த நேரத்தில் வேறு கூட்டத்துக்கு நான் எங்கே போவேன்? முணுமுணுத்துக்கொண்டே ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். அவன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஓடி, இருபத்திரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்து, சாயங்காலத்துக்குள் பேப்பரை அனுப்பிவிட்டான். கூடவே ஒன்று சொன்னான்: "எண்ணிக்க மட்டும் பத்தாது மாப்ள. நாளைக்கு யார் யார் வேலையில இருந்தாங்கன்னு ரெஜிஸ்டர்ல எழுதி, ஏறுததுக்கு முன்னாலயே கையெழுத்து வாங்கிரு."

மறுநாள் காலையில் நடந்த கூத்தைக் கேளுங்கள். எட்டு மணிக்குள் முதல் சட்டி கான்கிரீட் விழவேண்டும் என்பது முதலாளியின் கணக்கு. மிக்சருக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்தாயிற்று. நானோ கல் அடுக்கின் மேல் நோட்டை வைத்துப் பேர் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டு பேரில் ஐந்து பெண்களுக்கு ஒரே அம்மன் பேர். வீட்டுக்காரர் பேரைச் சேர்த்து எழுதலாம் என்றால், அதிலும் இரண்டு பேருக்கு ஒரே சாமி பேர். ஒருத்தி வீட்டுக்காரர் பேரைச் சொல்ல வெட்கப்பட்டுப் பக்கத்தில் நிற்பவளை இடிக்க, அவள் சொல்ல, எல்லாரும் சிரிக்க, எனக்கு மண்டை காய்ந்தது. எட்டு தாண்டிவிட்டது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "போதும்க்கா, மீதிய அப்புறம் எழுதிக்கலாம்" என்றேன். அந்த அக்கா ஏணியின் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றார். கடைசிப் பேர் எழுதி, கடைசிக் கைநாட்டு விழுந்த பிறகுதான் கையை எடுத்தார். நோட்டையும் என்னிடமிருந்து வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்குவது கீழே நிறுத்துகிற முட்டுக் கம்புகள்தான். ஒவ்வொரு கம்புக்கும் அடியில் ஒரு துண்டுப் பலகை வைக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம், தளத்துக்கு முட்டும் தகடும் அடிக்கிற சென்ட்ரிங் வேலைக்காரர், "கெழக்கு மூலைக்குப் பலக பத்தல அண்ணாச்சி, போயி எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார். காலையில் அந்த அக்கா கேட்ட கேள்வியில் எனக்கு ஏற்கெனவே கடுப்பு. "ஏலே, இந்த வெயில்ல கரிசல் கல்லாக் கெடக்கு. கடப்பாரையே எறங்க மாட்டேங்கு, கம்பு எறங்கிருமோ? அப்படியே நிறுத்துப்பா" என்று விரட்டிவிட்டேன். வெளியூர்க்காரனாக இருந்தால் இந்த மண்ணுக்குப் பயந்து பலகை வைத்திருப்பான். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன் என்கிற திமிர் எனக்கு. கல்லாக் கிடக்கிற கரிசல் தண்ணீர் பட்டால் களியாகக் குழைந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மழைக்காலத்துக்குத்தான் அது என்று நினைத்துவிட்டேன். மிக்சர் கழுவுகிற தண்ணீர் அந்தக் கிழக்கு மூலைப் பக்கம்தான் வாட்டமாக ஓடியது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பதினொரு மணி இருக்கும். வேலை மளமளவென்று போய்க்கொண்டிருந்தது. கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்குகிற வைப்ரேட்டரைப் பிடித்தவர் சரியாகப் பிடிக்கவில்லை என்று எனக்குக் கோபம். கீழே நின்று கத்துவேன் என்று சொன்னவன், கத்தியது போதாமல் மேலேயே ஏறிவிட்டேன். கிழக்கு ஓரத்தில் அந்த அக்காவின் மருமகள் நின்று சட்டி வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். நான் அவளைத் தாண்டிப் போய் வைப்ரேட்டர்காரரைத் திட்ட வாயைத் திறந்தேன்.

காலுக்கடியில் 'டக்' என்றது. அவ்வளவுதான். கான்கிரீட்டுக்கு அடியில் இருந்த தகடு ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பெண்ணும் நானும் கையைப் பிடித்துக்கொண்டோம். யார் யாரைப் பிடித்தோம் என்று இன்றுவரை தெரியாது. ஈரக் கான்கிரீட்டோடு சேர்ந்து இரண்டு பேரும் கீழே வந்தோம்.

கண்ணைத் திறந்தபோது முதலில் கேட்டது அந்த அக்காவின் குரல். "ஏட்டி, எல்லாரும் மேக்கால ஒதுங்குங்க! யாரும் குதிக்காதீங்க! ஒவ்வொருத்தரா ஏணி வழியா எறங்குங்க!" தன் மருமகள் கீழே கிடக்கிறாள் என்று தெரிந்தும், முதலில் மேலே நின்ற மற்றவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் ஓடி வந்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் முகத்தை நான் பார்த்தேன். என்னால் அதை மறக்க முடியவில்லை.

நாங்கள் விழுந்தது, மிக்சர் தண்ணீர் ஊறிக் கிடந்த சகதியில். எங்களைக் கவிழ்த்துவிட்ட அதே சகதிதான் எங்கள் உயிரையும் காப்பாற்றியது. அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு ஒடிந்திருந்தது. எனக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு.

ஆஸ்பத்திரிக்கு ஏஜெண்ட் மூச்சு வாங்க ஓடி வந்தான். வந்ததும் வராததுமாக, "ரெஜிஸ்டர் எங்க?" என்றான். அந்த அக்கா இடுப்பிலிருந்து பையை எடுத்து நீட்டினார். வெளியே எல்லாம் சிமெண்டுப் பால். உள்ளே நோட்டில் ஒரு சொட்டுகூட இல்லை. அவன் விரலை வைத்துப் பார்த்தான். நாலாவது வரியில் அந்தப் பெண்ணின் பேர், பக்கத்தில் கோணலாக ஒரு கையெழுத்து. "இருக்கு. இனி நான் பாத்துக்கிடுதேன்" என்றான். மருத்துவச் செலவுக்கும் சேர்த்துத்தான் அவன் பாலிசி போட்டிருந்தான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முதல் முறையாக அழுதார்.

பிறகு அவன் என் கட்டில் பக்கம் வந்தான். என் காலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பதா வேண்டாமா என்று அவனுக்கே தெரியவில்லை. "தொண்டைக்குப் பாலிசி கேட்டியே மாப்ள, காலுக்குக் கேட்டிருக்கக் கூடாதா?" என்றான். வலியிலும் சிரித்துவிட்டேன். சிரித்தது காலில் போய்க் குத்தியது.

மூன்று மாசம் படுக்கை. "ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் குடையப் பிடிச்சிட்டு நீங்க நனைஞ்சிட்டு வந்திருக்கீங்க" என்று என் மனைவி கஞ்சி கொடுக்கிற ஒவ்வொரு வேளையும் சொன்னாள். அவள் வளையல் இரண்டு விலைக்குப் போய், அந்தக் காலுக்குள் எலும்பைப் பிடிக்கிற தகடாக மாறிவிட்டது, அதனால் அவளுக்குச் சொல்ல உரிமை இருந்தது. ஆனால் ஒன்றை நான் அவளிடம்கூடச் சொல்லவில்லை. படுத்துக்கிடந்த நாளில் என்னையே கேட்டுக்கொண்டேன்: அந்த அக்கா ஏணியின் குறுக்கே கையை வைத்து நிற்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன்? 'அந்தப் பொண்ணு எங்க ஆளு இல்ல, கூட்டத்தோட வந்தவ' என்று நானும் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்கமாட்டேன் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதுதான் கால்வலியைவிட அதிகமாக வலித்தது.

சரிந்த மூலையை உடைத்துவிட்டு, அதே கூட்டம்தான் மறுபடி வந்து தளம் போட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு முட்டுக்கும் அடியில் பலகை இருப்பதைச் சென்ட்ரிங்காரர் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை, படத்தை மட்டும் அனுப்பினார். எனக்கு அது போதும். அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க வந்தது. கை கூடுகிற வரைக்கும் கூலியில் பாதியும் வந்தது. கட்டுப் பிரித்த கையோடு, மாமியாரும் மருமகளுமாக, சேவுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள்.

"நீங்க கையப் பிடிச்சதாலதான் அண்ணாச்சி, தலைக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் அந்தப் பெண்.

"நான் பிடிச்சேனா, நீ பிடிச்சியா, யாருக்குத் தெரியும்?" என்றேன். அவள் மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினாள். நன்றாகவே சுழன்றது. அன்று எனக்குச் சேவு அவ்வளவு ருசித்தது.

நான் எழுந்து நடந்த பிறகு எடுத்த முதல் வேலை, ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு சின்ன கல்யாண மண்டபம். கான்கிரீட் நாளன்று அதே கூட்டம் வேனில் வந்து இறங்கியது. நான் கொஞ்சம் நொண்டிக்கொண்டே போய்ப் புது நோட்டை எடுத்துக் கல் அடுக்கின் மேல் விரித்தேன். "வாங்கக்கா, ஒவ்வொருத்தரா பேரச் சொல்லுங்க" என்றேன்.

யாரும் நோட்டுப் பக்கம் வரவில்லை. அந்த அக்கா பழையபடி ஏணியின் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மொதல்ல ஒங்க பேர எழுதுங்க அண்ணாச்சி. அப்புறந்தான் நாங்க சொல்லுவோம்."

"இதுல நான் வரமாட்டேன்கா. எனக்குத் தனியாப் போட்டாச்சு" என்று சட்டைப் பையிலிருந்து என் விபத்து பாலிசியை எடுத்துக் காட்டினேன்.

அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மருமகளிடம் கொடுத்தார். அவள் என் பேர் இருக்கிற இடத்தைத் தேடிப் படித்துக் காட்டினாள். "சரி. ஆனாலும் எழுதுங்க. மேல ஏறுத ஆளு எல்லாரும் இந்த நோட்டுல இருக்கணும்" என்றார் அந்த அக்கா.

எழுதினேன். என் பேரை நானே எழுதி, அதற்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அன்றிலிருந்து எந்தச் சைட்டில் நோட்டைத் திறந்தாலும் முதல் வரி என் பேர்தான். அதற்குக் கீழே வருகிற ஒவ்வொரு பேரும் ஒரு வீட்டில் சாயங்காலம் யாரோ காத்திருக்கிற பேர் என்பது, என் பேரை அந்த வரிசையில் எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது.